கத்தி வாங்கமுன் விரலில் வைத்துப் பாருங்கள்

நல்லூர்த் திருவிழா நெருங்க நெருங்க எனக்கு வட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் வரும். "அக்கா, வரேக்க என்ன கொண்டு வர?" கேட்பவர்கள் சூரிச், பாரிஸ், ஒஸ்லோ என்று பரந்து கிடக்கிற எங்கள் சொந்தக்காரர். சொக்லேட் வேண்டாம், கத்தி கொண்டு வாங்கோ என்று ஒருமுறை சொன்னேன். இப்போது கடைக்குள் நின்றபடியே படம் அனுப்பி "இதோ, அதோ" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஊரில் கத்தி வாங்குகிறவர்களுக்கும் இது உதவும்.

நான் நீர்வேலியில் நாற்றுமேடை வைத்திருக்கிறேன். மா, தேசி, தோடை எல்லாம் ஒட்டிக் கொடுப்பது என் தொழில். பின்வளவில் வாழை நிற்கிறது, இரண்டு ஆடும் இருக்கின்றன. காலையில் கன்று ஒட்டக் கத்தி, வெயில் ஏறக் குலை வெட்டக் கத்தி, பின்னேரம் குழை வெட்டவும் வேலிக்கு நடுகிற கதியால் சீவவும் கத்தி. ஒரு நாளில் பேனாவை விடக் கத்திதான் என் கையில் கூட நேரம் இருக்கும். அதனால் கத்தியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு.

கத்தி ஒன்றைக் கையில் கொடுத்தால் ஆட்கள் முதலில் பெருவிரலை அலகில் வைத்துக் கூர் பார்ப்பார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். கூரை வீட்டில் கல்லில் போட்டுக்கொள்ளலாம். கத்தியின் பாரம் நிற்கிற இடத்தை வீட்டில் மாற்ற முடியாது. அதனால் முதல் வேலை, சுட்டுவிரலை நீட்டி அதன் மேல் கத்தியைக் கிடையாக வைத்து, எந்த இடத்தில் ஆடாமல் நிற்கிறது என்று பார்ப்பது.

என்னிடம் இருக்கிற ஊர்க் காட்டுக்கத்தி 640 கிராம். விரலில் வைத்தால் பிடியிலிருந்து நான்கு விரற்கடை முன்னால், அலகின் மேல்தான் சமநிலைக்கு வரும். அப்படித்தான் வர வேண்டும். கிளுவங்கதியால் வெட்டும்போது நான் கத்தியை ஓங்கித் தூக்குவதோடு சரி, கீழே இறங்குகிற வேலையை முன்பாரம் செய்துவிடும். கதியாலின் அடியைச் சரிவாக, ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். இரண்டு மூன்று தரம் கொத்திச் சப்பினால் பட்டை நசிந்து, நட்டபிறகு வேர் பிடிக்காமல் அழுகிவிடும். இதே 640 கிராமில் பாரமெல்லாம் பிடிப்பக்கம் நிற்கிற ஒரு கத்தியையும் நான் பிடித்திருக்கிறேன். நகரத்தில் வாங்கியது, பிடி முழுக்கத் தடித்த இரும்பு, மேலே கறுப்புப் பூச்சு, பார்க்க மிடுக்கு. அதால் கால்மணித்தியாலம் கதியால் வெட்டினால் முழங்கை நோகும். தராசு இரண்டுக்கும் ஒரே நிறைதான் காட்டும்.

சின்ன நிலைக்கத்திக்கு, அதாவது மடியாத கத்திக்கு, கணக்கு வேறு. பத்து சென்ரிமீற்றர் அலகுள்ள கத்தியில் முன்பாரம் இருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் மணிக்கட்டு அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிவரும். அது பிடியும் அலகும் சந்திக்கிற இடத்தில், சுட்டுவிரல் சுற்றிப் பிடிக்கிற அந்த மடிப்பிலேயே நிற்க வேண்டும். நோர்வேயிலிருந்து அண்ணா கொண்டு வந்து தந்த மோரா கத்தி அப்படி நிற்கிறது. மோரா சுவீடன் நாட்டு ஊர், அந்தப் பெயரில்தான் கத்தியும் விற்கிறார்கள். ஸ்கண்டிநேவிய நாடுகளில் தச்சர் முதல் மீன்பிடிகாரர் வரை எல்லார் கையிலும் இருக்கிற மலிவான வேலைக் கத்தி அது. அலகு இரண்டரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். பிளாஸ்ரிக் பிடியில் ரப்பர் போர்த்தியிருக்கிறது. பிளாஸ்ரிக் உறை. பார்க்கச் சாதாரணம். ஆனால் நாற்றுமேடையில் நான் ஒரு நாளில் செய்கிற வேலையில் பாதியை அது செய்துவிடும்.

அந்தத் தடிப்பைக் கவனியுங்கள். வெளிநாட்டுக் கடைகளில் "காட்டில் உயிர்பிழைக்க" என்று சொல்லி விற்கிற கத்திகளின் முதுகு ஐந்து, ஆறு மில்லிமீற்றர் இருக்கும். விறகு பிளக்க அது சரி. ஆனால் முத்தின பப்பாக்காயை அதால் வெட்டிப் பாருங்கள், பாதி இறங்கினதும் காய் படீரென்று பிளந்துவிடும். கத்தி என்பது ஓர் ஆப்புத்தான். முன்விளிம்பு எவ்வளவு கூராக இருந்தாலும் பின்னால் வருகிற உடம்பு தடிப்பென்றால், அது பொருளை அறுக்காமல் விலக்கித் தள்ளும். ஆட்கள் உருக்கின் பெயரைக் கேட்டு மயங்குகிறார்கள். நான் முதலில் கேட்பது, கூருக்குப் பின்னால் எவ்வளவு மெல்லிசு என்பதுதான். வாழையிலையைக் கையில் பிடித்துக்கொண்டு நரம்புக்குக் குறுக்கே இழுத்து அறுத்தால் கிழியாமல் போக வேண்டும். இது கடதாசியை விட நல்ல சோதனை, ஏனென்றால் இலை வளையும்.

எங்கள் ஊரில் இதை மிக நன்றாக அறிந்தவர்கள் கள் இறக்குகிற சீவல் தொழிலாளர்கள். பாளைக்கத்தியைக் கிட்ட வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மெல்லிய அகன்ற அலகு எப்படி இருக்குமென்று. பனையின் உச்சியில், ஒரு கையால் பாளையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கடதாசி மொத்தத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். கூடத் தடிப்பாகச் சீவினால் பாளை சீக்கிரம் தேய்ந்து முடிந்துவிடும். கத்தி இடுப்பில் கூட்டுக்குள் இருக்கும், ஏறும்போது காலில் தட்டாது. என்ன வேலைக்கு, எந்த நிலையில் நின்று, எந்தக் கையால் என்று கேட்டு வடிவமைத்த கத்தி என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது தண்டு. அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பது. வெளிநாட்டிலிருந்து வருகிற தம்பிமார் எல்லாரும் ஒரு பாடம் படித்துவிட்டு வருகிறார்கள்: பிடியின் முழு அகலத்துக்கும் இரும்பு போக வேண்டும், இல்லாவிட்டால் அது கத்தியே இல்லை என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. முழுத்தண்டு உறுதிதான், ஆனால் அந்த இரும்பெல்லாம் பிடிப்பக்கம் பாரம் ஏற்றும். சின்னக் கத்திக்குப் பரவாயில்லை. காட்டுக்கத்திக்கு எங்கள் கொல்லர்கள் போடுகிற, வால்போல் ஒடுங்கின வால்தண்டுதான் பொருத்தம். பிடி இலேசாக இருக்கும், பாரம் முன்னுக்குப் போகும், மரம் பழுதானால் புதுப்பிடி போட்டுக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தண்டு பிடியின் அடிவரை போய் வெளியே வந்து, அங்கே அடித்து மடக்கியிருக்க வேண்டும். பாதியில் நிற்கிற தண்டு பாரமான வேலையில் ஒருநாள் கழன்று பறக்கும், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று அது பார்க்காது.

எனக்குக் கத்தி அடித்துத் தருகிறவர் சங்கானைப் பக்கத்தில் இருக்கிறார், வயதான மனிதர். லொறியின் வில்லுத்தகட்டைத்தான் எடுப்பார். ஏன் ஐயா வில்லுத்தகடு என்று கேட்டேன். "பிள்ளை, லொறி குழிக்குள்ள விழுந்து எழும்பேக்க எத்தனை தரம் வளைஞ்சு நிமிர்ந்த இரும்பு உது. முறியிற சாதியெண்டா றோட்டிலயே முறிஞ்சிருக்கும்" என்றார். சரியான விளக்கம். வில்லுத்தகட்டு உருக்கில் காபன் ஏறத்தாழ 0.6 வீதம் இருக்கும். கூர் பிடிக்கவும் போதும், அடி தாங்கவும் போதும். அரத்தில் ஒரு வீதத்துக்கு மேல் காபன் இருக்கும், அது கடினம், ஆனால் அதைக் காட்டுக்கத்தியாக அடித்துச் செய்தால் கல்லில் பட்டு வாய் உடையும்.

அவர் தோய்ச்சல் போடுவதை, அதாவது இரும்பைச் சூடாக்கிச் சட்டென்று ஆற்றிக் கடினமாக்குவதை, ஒருமுறை முழுதாக இருந்து பார்த்தேன். கொட்டிலுக்குள் வெளிச்சம் வராதபடி சாக்கைத் தொங்கவிட்டிருந்தார். வெயில் வெளிச்சத்தில் இரும்பின் சிவப்பு சரியாகத் தெரியாதாம். துருத்தியைச் சுற்றச் சுற்ற அலகு மங்கிய சிவப்பிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. ஒரு காந்தத் துண்டைக் கம்பியில் கட்டி வைத்திருந்தார். அதைக் கிட்டக் கொண்டுபோனார், ஒட்டவில்லை. உருக்கு 770 பாகை அளவில் காந்தத்துக்கு இழுபடாமல் போகும், அதற்குக் கொஞ்சம் மேலேதான் தோய்க்கிற சூடு. எடுத்தார், பழைய எண்ணெய்க்குள் வாய்ப்பக்கம் முதலில் இறங்கும்படி விட்டார். தண்ணீரில் விட்டால் இந்த உருக்கு வெடிக்கக்கூடும். ஆறின பிறகு ஓரிடத்தில் தேய்த்து வெள்ளையாக்கி, திரும்பவும் தணலுக்கு மேல், இந்த முறை மெதுவாக, பிடித்தார். வெள்ளை இரும்பில் முதலில் வைக்கோல் நிறம் ஓடி வந்தது, பிறகு மண்ணிறம், முதுகுப் பக்கம் ஊதா. வாயில் வைக்கோல் நிறம் நின்றவுடன் நிறுத்திவிட்டார். வாய் கடினம், முதுகு இளக்கம். வாங்குகிறவர் கண்ணுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் கத்தி அடிக்கிற ஆளைத் தெரிந்து வாங்க வேண்டும். சந்தையில் சாக்கு விரித்து விற்கிற கத்தியென்றால், வாயில் அரத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். அரம் வெண்ணெய்க்குள் போவதுபோல் கடித்தால் தோய்ச்சலே இல்லை. வழுக்கிக்கொண்டு போய், கொஞ்சம் மட்டும் கடித்தால் நல்லது.

இனி உருக்கு. யாழ்ப்பாணத்தில் உருக்கைப் பற்றிப் பேசுவதென்றால் உப்பைப் பற்றித்தான் பேச வேண்டும். கடலும் களப்பும் எட்டாத இடம் இங்கே இல்லை. எங்கள் வீட்டுக்குக் கிழக்கே உப்பாறு. சோளகம் வீசுகிற மாதங்களில் சன்னல் கம்பியைத் தொட்டால் கையில் பிசுபிசுக்கும், மாரியில் சுவரே ஈரம் குடிக்கும். சுவிஸில் பத்து வருடம் பளபளத்த கத்தி இங்கே வந்து அலுமாரிக்குள் இருந்தே கறள் பிடிக்கும்.

கறள் பிடிக்காத உருக்கு என்று சொல்வதற்குக் குறைந்தது 10.5 வீதம் குரோமியம் வேண்டும். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போட்டுக் காக்கும். உப்பு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் ஓட்டை போடும். கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவது அதுதான். அதனால் "சில்வர் கத்திக்கு ஒன்றும் ஆகாது" என்று நினைத்து மீன் வெட்டிவிட்டு அப்படியே போடக்கூடாது. இன்னொரு விடயம். இணையத்தில் டி2 உருக்கு என்று நிறையக் கத்திகள் மலிவாக வருகின்றன. அதில் குரோமியம் ஏறத்தாழ 12 வீதம் இருக்கிறது, ஆனால் காபன் ஒன்றரை வீதம். காபன் குரோமியத்தில் பெரும் பங்கைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும், படலம் போட மிச்சம் போதாது. கூர் நன்றாக நிற்கிற உருக்குத்தான், உலர்ந்த நாடுகளுக்கு நல்லது. கரையூர்களில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். மோராவின் சில்வர் வகையிலும் ஒப்பினெலின் சில்வர் வகையிலும் வருகிற சுவீடன் உருக்கில் காபன் 0.5, 0.6 வீதம் அளவில்தான், குரோமியம் 13 வீதத்துக்கு மேல். இங்கே அதுதான் நின்று பிடிக்கும்.

ஆனாலும் கறள் பிடிக்கிற சாதாரணக் காபன் உருக்கை நான் விடவில்லை. கல்லில் நாலு இழுவைக்குள் கூர் திரும்பி வரும், அந்தச் சுகம் வேறு. அதோடு வாழைக்கயர், வாழையை வெட்டினால் வடிகிற சாறு. காபன் கத்தியால் கதலிக் குலையை வெட்டிவிட்டு அலகைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துப் பாருங்கள். தெளிந்த நீராக ஒட்டுகிற கயர் ஓரத்தில் மண்ணிறமாகும், அதற்குக் கீழே இரும்பு சாம்பலாகி, பிறகு மயிலின் கழுத்து நீலம் ஓடும். கழுவினாலும் போகாது. கயரில் இருக்கிற தனின் இரும்போடு சேர்ந்து செய்கிற வேலை அது. அந்த நீலக்கறுப்பு இருக்கிற இடத்தில் செங்கறள் அவ்வளவு சுலபமாக ஏறாது. புதுக்கத்தி வாங்கினால் நான் முதல் வேலையாகக் கயரில் தோய்த்து நிறம் ஏற்றிவிடுவேன். பளபளப்பாக வைத்திருக்க வேண்டுமென்று உரஞ்சுகிறவர்கள் அந்தக் காப்பைத்தான் உரஞ்சி எடுக்கிறார்கள். தோல் உறைக்குள் மட்டும் காபன் கத்தியை வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தையும் உப்பையும் குடித்துக்கொண்டு கத்தியோடு ஒட்டிக் கிடக்கும். துடைத்து, துளி தேங்காயெண்ணெய் பூசி, வெளியில் தொங்கவிடுங்கள்.

மடக்குக்கத்திக்கு வருகிறேன். சண்டைக் காலத்தில் பேனாக்கத்தி ஒன்று பொக்கற்றில் இருந்தாலே சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் எங்கள் தலைமுறையில் பலருக்கு மடக்குக்கத்தி பழக்கமே இல்லாமல் போனது. சுவிஸ் கத்தி திரும்ப வந்தது சித்தப்பாமாரின் பெட்டிகளில்தான். கார்ல் எல்ஸனர் என்பவர் 1884 இல் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கினார், 1897 இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார், அதுதான் இன்று விக்டோரினொக்ஸ். அதில் நான் மதிப்பது சிவப்பு நிறத்தையோ சிலுவையையோ அல்ல. ஆறு கருவிகளை இரண்டே இரண்டு வில்லில் நிற்க வைத்தாரே, அந்த மூளையை. வில்லுக் குறைந்தால் தடிப்புக் குறையும், பாரம் குறையும், பொக்கற்றில் இருப்பதே தெரியாது. முப்பது கருவி வைத்த கொழுத்த வகையைக் கேட்காதீர்கள். அதைக் கையில் பிடித்து ஒரு கயிறு அறுத்துப் பாருங்கள், பிடி உள்ளங்கைக்குள் நிற்காது. அலுமினியப் பிடி போட்ட 93 மில்லிமீற்றர் வகை, ஏறத்தாழ 70 கிராம், நான்கைந்து கருவி. போதும். அதன் அலகு கடினத்தைச் சொல்கிற றொக்வெல் அளவில் 56 தான், மெதுமை என்று இணையத்தில் குறை சொல்வார்கள். மெதுமை என்றால் சாதாரணக் கல்லில் கூர் வரும் என்று பொருள். இங்கே அது பெரிய விடயம்.

பாரிஸ்காரர் கொண்டு வருவது ஒப்பினெல். 1890 இல் சவோய் மலைப்பகுதியில் யோசப் ஒப்பினெல் தொடங்கியது. ஓர் அலகு, ஒரு மரப்பிடி, ஓர் ஆணி, ஒரு வளையம். 8ஆம் இலக்கம் எட்டரை சென்ரிமீற்றர் அலகோடு 45 கிராம் அளவில்தான் வரும். என்னைக் கேட்டால் அந்த நிறைக்கு அதைவிட நன்றாக அறுக்கிற கத்தி இல்லை. காரணம் முன்னம் சொன்ன மெல்லிசு. திருப்பிப் பூட்டுகிற வளையம் 1955 இல் சேர்ந்தது. திறந்தபின் வளையத்தைத் திருப்பினால் அலகு விரலில் மடியாது. சுவிஸ் கத்தியில் அந்தப் பூட்டு இல்லை, வில்லின் இறுக்கம் மட்டுந்தான், அதனால் முனையால் குத்தித் துளைக்கிற வேலைக்கு அதை எடுக்கக்கூடாது. ஒப்பினெலின் பிடி பீச் மரம், தண்ணீர் குடித்தால் ஊதும், அலகு திறக்க மறுக்கும். மாரியில் அதைத் தோட்டத்துக்குக் கொண்டு போகாமல் குசினியில் வைத்துவிடுகிறேன். பூட்டில்லாததோ பூட்டுள்ளதோ, மடக்குக்கத்தியின் மூட்டுக்குள் கயர் போய்க் காய்ந்தால் பசை. சுடுதண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். இன்னொன்று: என் சட்டைகளுக்குப் பொக்கற் இல்லை, ஊரில் பெரும்பாலான பெண்களின் உடுப்புக்கும் இல்லை. கத்தியில் கயிறு கோக்க வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வரி: கைப்பையில் வைக்க வேண்டாம், விமானத்தில் ஏற்றுகிற பெரிய பெட்டிக்குள் போடுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், ஒட்டுக்கத்தி தனி. அதற்கு மேலே சொன்ன ஒன்றும் உதவாது. மா ஒட்டும்போது ஒட்டுமுளையின், அதாவது ஒட்டுகிற கிளைத்துண்டின், அடியை மூன்று நான்கு சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஆப்பாகச் சீவ வேண்டும். சீவின முகம் கண்ணாடி போல் தட்டையாக இருந்தால்தான் வேரோடு நிற்கிற ஒட்டுக்கட்டையின் மாறிழையமும் (பட்டைக்குக் கீழே வளர்கிற மெல்லிய படை) இதன் மாறிழையமும் இடைவெளியில்லாமல் பொருந்தும். இரண்டு பக்கமும் சரித்துத் தீட்டின கத்தி மரத்துக்குள் போகும்போது வளைந்து மேலேறும், முகம் குழியும். அதனால் ஒட்டுக்கத்திக்கு ஒரு பக்கம் மட்டும் சரிவு, மறுபக்கம் முழுத்தட்டை. வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று என்று வேறு வேறாகச் செய்வார்கள், கடையில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். விக்டோரினொக்ஸிலும் ஒட்டுக்கத்தி இருக்கிறது. ஜேர்மனியின் ரீனா கத்திக்கு உலகம் முழுக்க நாற்றுமேடைக்காரரிடம் பெயர் உண்டு, விலையும் அப்படியே.

ஊரில் எனக்கு அதைச் செய்து தருவதும் சங்கானை ஐயாதான். இதற்கு வில்லுத்தகடு எடுக்க மாட்டார். இரும்பு அறுக்கிற மெசின் வாளின் தேய்ந்த அலகை எடுத்து, உலையில் வைக்காமல் சாணையிலேயே உருவம் கொடுப்பார். அந்த வாளின் உருக்கு சாணைச் சூட்டுக்குக் கடினத்தை விடாது. குரோமியம் குறைவு, கறள் பிடிக்கும், ஆனால் நாள் முழுக்க ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டே வேலை செய்கிற கத்தி என்பதால் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. இந்த மாரிக்கு முன்னம் புதிது ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறேன். அலகு ஆறு சென்ரிமீற்றர், முதுகு இரண்டு மில்லிமீற்றர், வாய் நேர்கோடு, வலப்பக்கம் மட்டும் சரிவு, பிடி பூவரசு. வேம்பு போடட்டோ என்று கேட்டார். பூவரசு இலேசு, வியர்வைக் கையில் வழுக்காது, அதையே போடச் சொன்னேன். பூண் மட்டும் பித்தளையில் வேண்டும். இரும்புப் பூண் உள்ளுக்குள் கறள் பிடித்து ஊதினால் மரம் வெடித்துவிடும்.